சேற்றுக்கு மேலே ஒரு மூச்சு



யோவான் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் திராட்சைச் செடியும் கொடிகளும் வருகின்றன. மாதவரத்தில் நமக்குத் திராட்சை என்றால் தள்ளுவண்டியில் எடை போட்டு வாங்குவதுதான். ஆகவே வேறு இரண்டு மரங்களைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆஸ்பென் காடு ஒன்று உண்டு. சுமார் 43 ஹெக்டேர். ஏறக்குறைய 47,000 தண்டுகள். தனித்தனி மரங்களாகத் தெரிந்தாலும் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளம்பியவை, ஒரே உயிர். 'பாண்டோ' என்று பெயர். லத்தீனில் 'நான் பரவுகிறேன்' என்று பொருள். குருமடத்தில் படித்த லத்தீன் இதற்காவது உதவுகிறது! தீயில் தண்டு கருகினாலும் வேர் புதுத் தளிர் அனுப்பும். ஆனால் அந்தத் தளிர்களை மான்களும் மாடுகளும் மேய்ந்துவிடுகின்றன. முதிய மரங்கள் சாய்கின்றன. அவற்றின் இடத்துக்குப் போதிய இளமரங்கள் இல்லை. தூரத்தில் நின்று பார்ப்பவருக்குக் காடு பச்சையாகத்தான் தெரியும்.

நமக்கு அருகில், மணலி தாண்டி, எண்ணூர்க் கழிமுகம். கொசஸ்தலையாறு கடலைத் தொடும் அந்தச் சேற்றில் அலையாத்தி நிற்கிறது, பெரும்பாலும் வெண்கண்டல். மிகுந்த உப்பை இலை வழியே வெளியேற்றிவிடும். இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் வேர்கள் பென்சில் பென்சிலாக மேலே எழுந்து மூச்சு வாங்குகின்றன. விதை பழத்துக்குள்ளேயே முளைவிட்டு, நீரில் விழுந்து மிதந்து, சேறு கிடைத்த இடத்தில் ஊன்றிக்கொள்ளும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எங்கும் கருப்பு. அதையெல்லாம் படம் எடுத்தார்கள். மூச்சுவேரில் படிந்தது அதிகம் பேர் கண்ணில் படவில்லை. மூக்கைப் பொத்தியது போல அது. அந்த வேர்களின் நடுவேதான் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. அந்தக் கழிமுகத்தில்தான் இருளர் மக்கள் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறார்கள். வேருக்கு மூச்சு அடைத்தால் அவர்கள் வீட்டில் உலை கொதிக்காது. இதில் எது செடி, எது கொடி என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கன்று நடும் விழாக்கள் நல்லவைதான். நட்ட எண்ணிக்கை செய்தித்தாளில் வருகிறது. மூன்றாம் ஆண்டில் எத்தனை நின்றன என்றே நான் கேட்பேன்.

நம் பங்கு இளையோர் எண்ணூர் போக விரும்புகிறார்கள். பிள்ளைகளே, முதல் முறை எதையும் நட வேண்டாம். நீர் வற்றும் நேரத்தில் போய், பெரிய மரங்களின் கீழே தானாக முளைத்த கன்றுகளை எண்ணி வாருங்கள். மூச்சுவேரை மிதித்துவிடாதீர்கள், அந்த ஊர் மீனவர் ஒருவரை முன்னால் நடக்க விடுங்கள்.