நிதானமும் போராட்டம்தான்



போன மாதம் இதே ஐயப்பன்தாங்கலில் வாடகைக்கு வீடு பார்த்தேன். அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார் வீட்டுக்காரர். சொன்னேன். "சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு இல்லைங்க" என்றார். நடந்து வந்து பஸ் டிப்போவில் உட்கார்ந்தேன். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

அப்போது 1917 நினைவுக்கு வந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கரை, சாதி தெரிந்ததும் பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்து விரட்டினார்கள். நண்பர்களும் இடம் தரவில்லை. பூங்காவில் காத்திருந்து ரயிலேறி பம்பாய் திரும்பினார். பல ஆண்டுகள் கழித்தும் அதை நினைத்தால் கண்ணீர் வருவதாக எழுதினார். ஆகவே, அழுகை வந்தால் அழுதுவிடுங்கள்.

அதே அம்பேத்கர்தான் 1927 மார்ச் 20 அன்று மகத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடிக்க மக்களை அழைத்துப் போனார். சாதி இந்துக்கள் தாக்கினார்கள். திருப்பி அடிக்கத் துடித்தவர்களை அவர் தடுத்தார். குளம் யாருக்கு என்ற வழக்கை விடாமல் நடத்தினார். 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. பத்து ஆண்டுகள்!

"அமைதியா இரு" என்று ஊர் சொல்வது வாயை மூடச் சொல்லித்தான். மகத்தில் இருந்தது வேறு: அடுத்த அடிக்காகச் சேர்த்து வைத்த பலம்.

அவமானப்பட்ட இரவில் தனியாக இருக்காதீர்கள். ஒரு தோழருக்குப் போன் போடுங்கள். சாப்பிடுங்கள், தூங்குங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். என்ன செய்வதென்று காலையில் சேர்ந்து முடிவெடுப்போம்.