நெடுஞ்சாலைப் பாலங்களும் நமது ஊராட்சிகளும்

(எப்போதும்வென்றானில் ஊராட்சியினரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மழைக் காலத்திற்கு முன் நாம் கூடும்போதெல்லாம் விதையைப் பற்றியும், உரத்தைப் பற்றியும், கண்மாயைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று பாலங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். பாலத்திற்கும் விவசாயிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். நம் கரிசல் காட்டில் விளையும் உளுந்தும், பாசிப்பயறும், பருத்தியும், மிளகாய் வற்றலும் சந்தையை அடைவது பாலங்களைக் கடந்தே. கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ நோயாளியை எடுத்துச் செல்லும் வண்டிக்கும் வேறு வழி கிடையாது. ஒரு பாலம் அறுந்தால் பல ஊர்கள் தீவுகளாகிவிடும்.

இதை நமது மாவட்டம் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நேரிற் கண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதற்கும் மேற்பட்ட மழை அது. தாமிரபரணியில் பெருவெள்ளம் புரண்டது. ஏரலில் உயர்மட்டப் பாலத்தை ஒட்டிய சாலை அரித்துச் செல்லப்பட்டது. பாலம் நின்றும் பயனில்லை. அதனை அடையும் வழி போயிற்று.

பாரம் மிகுதியானால்தான் பாலம் விழும் என்று நம்மிற் பலர் கருதுகிறோம். பாரமும் ஒரு காரணமே. ஆயினும் ஆற்றுப் பாலங்களுக்குப் பெரும் பகை தண்ணீர். வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழலும்போது அடிமண்ணைத் தோண்டி எடுத்துவிடுகிறது. மேலே தளம் செம்மையாகத் தோன்றும்; கீழே அஸ்திவாரம் அந்தரத்தில் நிற்கும். திருச்சியில் 1928இல் கட்டப்பெற்ற கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் சாய்ந்தன. 2016லேயே போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய பாலமோ, திறந்து மூன்று மாதங்களில், 2024 டிசம்பர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஆகவே புதிய பாலம் என்று அயர்ந்திருப்பதும் தகாது.

பழைய பாலமெல்லாம் பயனற்றது என்பதும் சரியன்று. திருநெல்வேலியில் சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பெற்றது. இடையிடையே பழுது பார்க்கப்பட்டும், அகலப்படுத்தப்பட்டும் இன்றுவரை அது பயன்பட்டு வருகிறது. பாலத்தின் ஆயுளைப் பராமரிப்பும் நிர்ணயிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நமது பகுதியில் ஆற்றைவிட ஓடைகளே அதிகம். ஆகவே சிறுபாலங்களே அதிகம். இவற்றுக்கு வெள்ளத்தோடு கரிசல் மண்ணும் ஒரு சோதனை. கோடையில் இம்மண் வெடித்துச் சுருங்குகிறது. மழையில் ஊறி உப்புகிறது. ஆண்டுதோறும் இவ்வாறு சுருங்குவதும் உப்புவதுமாக இருப்பதால் பக்கச் சுவர்கள் சாய்கின்றன. பாலத்தை ஒட்டிய சாலை அமிழ்கிறது. சாலை அமிழ்ந்த இடத்தில் கனரக வண்டி ஏறும்போதெல்லாம் பாலத்தின் முனை இடிபடுகிறது.

இப்பாலங்களைக் காக்க வேண்டியவர் யார்? மதுரையிலிருந்து நம் ஊர் வழியே தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தைச் சார்ந்தது. மாநிலச் சாலைகளும் மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சார்ந்தவை. ஒன்றியச் சாலைகளும் ஊராட்சிச் சாலைகளும் நம் பொறுப்பு. மழைக்கு முன்னும் பின்னும் பாலங்களைச் சோதிக்க வேண்டுமென்பது பொறியாளர்களுக்கு வகுக்கப்பட்ட விதி. எனினும் பொறியாளர் ஆண்டிற்குச் சில முறையே வர இயலும். ஆடு மேய்ப்பவரும் காட்டிற்குப் போகிறவரும் பாலத்தின் அடியை நாள்தோறும் காண்கிறார்கள். பழுது பார்ப்பது துறையின் கடமை. பழுதைக் கண்டு சொல்வது நமது கடமை.

கவனிக்க வேண்டியவை கடினமானவை அல்ல.

முதலாவது, பாலத்தின் கண்கள் அடைபட்டிருக்கின்றனவா? வண்டலும், சீமைக்கருவேலும், ஓடையிற் கொட்டிய பருத்திமாரும் சோளத்தட்டையும் கண்களை அடைத்தால் தண்ணீர் சாலையை உடைத்துக்கொண்டு போகும். ஓடையில் தட்டை கொட்டுவதை நாமே நிறுத்திவிடலாம்.

இரண்டாவது, தூணின் அடியில் பள்ளம் விழுந்திருக்கிறதா, அஸ்திவாரம் வெளியே தெரிகிறதா? பாலத்தருகே மணல் அள்ளுவது தூணின் வேரை அறுப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறதா, துருக்கறை வழிகிறதா? துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடிய கான்கிரீட்டையே பிளக்கும். விரிசலின் மேல் சிமெண்டைப் பூசி மறைத்தல் கூடாது. அது புண்ணை மூடி வைப்பதாகும்.

நான்காவது, தளத்தில் மழைநீர் தேங்குகிறதா? நீர் வடியும் குழாய்களை மண் அடைத்தால் நீர் உள்ளே இறங்கிக் கம்பியை அரிக்கும். இடுக்கில் முளைத்த அரசும் ஆலும் சிறு கன்றாக இருக்கும்போதே களையப்பட வேண்டும்.

ஐந்தாவது, கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கிறதா, பாலத்தின் முனையில் சாலை அமிழ்ந்திருக்கிறதா?

இவற்றைப் பார்ப்பதற்கு நாள் தேட வேண்டியதில்லை. அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு அதுவே முன்வாசல். ஜனவரி 26ஆம் தேதி மீண்டும் கூடுகிறது. அப்போது மழை ஓய்ந்து, வெள்ளம் செய்த சேதம் கண்ணுக்குத் தெரியும். இவ்விரு கூட்டங்களுக்கும் முந்தைய வாரத்தில் ஊருக்கு நாலு பேர் எல்லையிலுள்ள பாலங்களைச் சுற்றிப் பார்த்து, கண்டதைச் சபையில் வைத்துத் தீர்மானமாக்குவீர்களாக. தீர்மானத்தின் நகல் எங்கள் அலுவலகத்திற்கு வந்தால் உரிய துறைக்கு அனுப்பி வைப்போம். தேசிய நெடுஞ்சாலையில் உடனடி ஆபத்து கண்டால் 1033 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

எழுதியதோடு நின்றுவிடலாகாது. குஜராத்தில் மாகி நதியின் மீது 1985இல் கட்டப்பட்ட கம்பீரா பாலம் 2025 ஜூலை 9ஆம் தேதி இடிந்து, வண்டிகளோடு மக்கள் ஆற்றில் வீழ்ந்து மாண்டனர். அப்பகுதி மாவட்ட ஊராட்சி உறுப்பினர் ஒருவர் 2022லேயே அப்பாலத்தைப் பற்றி எழுதி எச்சரித்திருந்தார் என்று செய்தி வெளியாயிற்று. ஆகவே மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். அடுத்த சபையில், முந்தைய தீர்மானம் என்னவாயிற்று என்று கேளுங்கள். எங்களையும் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது எங்கள் கடமை.

இறுதியாக ஒன்று. தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடும்போது எவரும் கடக்க முயலலாகாது. வெள்ளம் வடிந்த பின்னும், அடியைப் பார்க்காமல் பாரவண்டியை ஏற்றலாகாது.

மழைக்கு முன் கண்மாய்க் கரையையும் மடையையும் கலுங்கையும் சுற்றிப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். அச்சுற்றில் பாலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்பதே எமது வேண்டுகோள். வருகிற அக்டோபர் சபையில் ஒவ்வோர் ஊராட்சியிலிருந்தும் ஒரு தீர்மானத்தை எதிர்பார்க்கிறோம்.