உதடு சொல்லாததைக் கை சொல்லும்

(வட்டார வள மையப் பயிற்சியில் ஆற்றிய உரை)

முதலில் ஒரு சின்னச் செயல்பாடு. பக்கத்தில் இருப்பவரிடம், குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்து 'பணம்' என்று சொல்லுங்கள். அடுத்து 'மணம்' என்று சொல்லுங்கள். வேறுபாடு தெரிகிறதா? தெரியாது. 'ஆடு', 'காடு' என்றாலும் இதே சிக்கல்தான். ககரம் பின்வாயில் பிறப்பதால் கண்ணுக்குப் படாது. காது கேளாத குழந்தைக்கு நம் பேச்சு இப்படித்தான் பாதியாகப் போய்ச் சேருகிறது.

வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லாடெட் கல்லூரியில் பணியாற்றியவர் ஓரின் கார்னெட். காது கேளாதோரில் பலர் வாசிப்பில் பின்தங்கியிருப்பது அவரை வருத்தியது. மொழியே முழுமையாகச் சேராதபோது வாசிப்பு எப்படி வரும்? 1966இல் அவர் உருவாக்கியதுதான் 'கியூடு ஸ்பீச்'. பேசும்போதே ஒரு கையால் முகத்தருகே குறிப்புக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் மெய்யொலிகளுக்கு 8 கைவடிவங்கள், உயிரொலிகளுக்கு 4 இடங்கள். பகர ஒலிக்கு ஒரு விரல், மகர ஒலிக்கு ஐந்து விரல். உதட்டில் ஒன்றாகத் தெரிவதைக் கை பிரித்துக் காட்டிவிடும். இது சைகைமொழி அன்று. பேசும் மொழியையே கண்ணுக்குக் காட்டும் வழி.

இதில் பெற்றோரின் பங்கே பெரிது. பிரெஞ்சு மொழிக் குழந்தைகளிடம் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். சிறு வயதிலேயே வீட்டில் இம்முறையைப் பெற்ற குழந்தைகள், சொற்களின் ஒலி இயைபைக் கண்டறிவதில் கேட்கும் குழந்தைகளுக்கு இணையாக இருந்தார்கள். பள்ளிக்கு வந்த பிறகு மட்டும் பெற்றவர்களால் அந்த அளவுக்கு எட்ட முடியவில்லை. சோறூட்டும்போதும் கதை சொல்லும்போதும் அம்மா பேசும் பேச்சுக்கு ஈடாக நம் பாடவேளை ஆகாது.

என் நான்காம் வகுப்பில் காதொலிக் கருவி அணிந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். சொல்வதை எழுதுதலில் 'பணம்' என்றால் 'மணம்' என்று எழுதுவாள். அது கவனக்குறைவு அன்று. அவள் கண்டதை எழுதினாள். அவளுக்குக் கியூடு ஸ்பீச் முறையை நான் கற்பிக்கவில்லை. அதன் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். குழப்பும் சொல் வரும்போது ப, ம எழுத்தட்டையை என் வாயருகே பிடித்துச் சொல்கிறேன். அவள் அம்மாவும் வீட்டில் அப்படியே செய்கிறார். இப்போது புதுச்சொல் வந்தால், "எந்த எழுத்து டீச்சர்?" என்று அவளே அட்டையைக் காட்டிக் கேட்கிறாள்.

ஆசிரிய நண்பர்களே, கரும்பலகையைப் பார்த்துப் பேசாதீர்கள். முகம் அவளுக்குத் தெரியட்டும். அவள் எழுதிய தவறான சொல்லைச் சிவப்பு மையால் அடிக்கும் முன், உதட்டளவில் சொல்லிப் பாருங்கள். சிறப்பாசிரியரோடு பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். சைகைமொழியோ, கைக்குறிப்போ, கருவியோ, குடும்பம் எதைத் தேர்ந்தாலும் சரி. மொழி முழுமையாகவும் சீக்கிரமாகவும் சேர வேண்டும். ஐந்து வயதுக்குள் சேர வேண்டியதைப் பத்தாம் வகுப்பில் ஈடுகட்டுவது மிகக் கடினம்.