பிரசவ முறையும் பிள்ளையின் வாய்ச் சுகாதாரமும்



பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்துக் கிராமங்களில் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எனக்கு ஆபரேஷன் பண்ணித்தான் குழந்தை பிறந்துச்சு. அதனால பிள்ளைக்குப் பல்லு சொத்தையாகுமாம்மா?" இந்தக் கேள்விக்கு இன்று விளக்கம் சொல்கிறேன்.

கிருமி என்றாலே கெட்டது என்று நினைக்காதீர்கள். குழந்தை பிறக்கும்போதுதான் அதன் வாயில் கிருமிகள் குடியேறத் தொடங்குகின்றன. அவற்றில் நல்லவையே அதிகம். எந்த மோரை உறை ஊற்றுகிறோமோ, அதற்கேற்பத்தானே தயிர் அமைகிறது? அதுபோலத்தான் இதுவும். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், இயல்பாகப் பிறந்த குழந்தைகளிடம் தாயின் பிறப்புறுப்பில் வாழும் கிருமிகளும், சிசேரியனில் பிறந்த குழந்தைகளிடம் தோலில் வாழும் கிருமிகளும் அதிகம் காணப்பட்டன. பால் குடித்து வளர வளர இந்த வித்தியாசம் குறைந்துகொண்டே போகும்.

சரி, சொத்தைப் பல் வருமா? 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, சிசேரியன் குழந்தைகளுக்குச் சொத்தைக் கிருமி ஏறக்குறைய ஒரு வருடம் முன்னதாகவே தொற்றியதாகக் கூறியது. ஆனால் 2013-ல் வந்த தாய்லாந்து ஆய்வில், இயல்பாகப் பிறந்த பிள்ளைகளிடமே சொத்தை அதிகம் இருந்தது. ஆகவே பிறந்த வழியை மட்டும் வைத்துப் பல்லின் கதியைச் சொல்லிவிட முடியாது. பிறந்த பிறகு நாம் வளர்க்கும் முறையே முக்கியம்.

தாய்க்கோ சேய்க்கோ ஆபத்து என்று டாக்டர் சொன்னால் தயங்காமல் சிசேரியனுக்குச் சம்மதியுங்கள். அது உயிர் காக்கும் சிகிச்சை. அப்படிப் பெற்ற தாய் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதே இல்லை. ஆனால் நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து வயிற்றைக் கிழிக்கச் சொல்லாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் அது 64. அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இத்தனை பேருக்கும் கட்டாயத் தேவை இருந்திருக்குமா? யோசித்துப் பாருங்கள்.

எந்த முறையில் பிறந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியவை இவை:

1. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். ஆபரேஷன் ஆன தாயும் நர்ஸ் உதவியுடன் கொடுக்கலாம். சேனைத் தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் நாக்கில் வைக்க வேண்டாம். ஒரு வயது வரை தேன் ஆபத்து.

2. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே.

3. பெரும்பாலும் சொத்தைக் கிருமி பெரியவர்களின் எச்சில் வழியாகவே பிள்ளைக்குப் போகிறது. சோற்றை மென்று ஊட்டுவதும், நாம் சப்பிய ஸ்பூனால் ஊட்டுவதும் வேண்டாம். பாட்டி கோபித்தாலும் பக்குவமாகச் சொல்லுங்கள்.

4. கர்ப்பமாக இருக்கும்போதே தாய் பல் டாக்டரிடம் காட்டிச் சொத்தைக்குச் சிகிச்சை பெற வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து வந்து பிள்ளையைக் கொஞ்சும் தகப்பன்மாரே, உங்கள் பல்லையும் காட்டுங்கள்!

5. தினமும் சுத்தமான ஈரத்துணியால் ஈறைத் துடையுங்கள். முதல் பல் முளைத்ததும் மெல்லிய பிரஷால் தேயுங்கள். சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்துத் தூங்க விடாதீர்கள்.

6. முதல் பிறந்த நாளுக்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது என்று அலட்சியம் வேண்டாம். சொத்தை வலியால் பிள்ளை சாப்பிட மறுக்கும், இரவில் தூங்காது, இளைத்துப் போகும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதார நர்ஸைக் கேளுங்கள். எந்த வழியில் பிறந்தாலும், பிள்ளையின் வாயைக் காக்கும் பொறுப்பு பெற்றோர் இருவருக்கும் உண்டு.