டெனியர் மட்டும் போதாது



பாலியெஸ்டர் நூல் எல்லாம் ஒண்ணுதானே என்று நானும் நினைத்தவன்தான். திருப்பூரில் தொழில் தொடங்கிய புதிதில் 150 டெனியர் நூல் பற்றாமல் போகவே, வேறிடத்தில் வாங்கி அதே மெஷினில் ஏற்றினேன். பழையது 48 இழை. புதியது 144 இழை. சாயம் போடும்வரை ஒன்றும் தெரியவில்லை. போட்டதும் துணி முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு! மெல்லிய இழைக்கு அதே நிறம் வர அதிகச் சாயம் வேண்டும். புதிய நூல் வெளிறி நின்றது. அத்தனை துணியும் கழிவு விலைக்குப் போனது.

டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். அவ்வளவுதான். குணத்தைச் சொல்வது ரகம். பி.ஓ.ஒய். பாதி இழுத்த நூல். பெரும்பாலும் அப்படியே துணிக்குப் போகாது. அதை மேலும் இழுத்துச் சுருள் கொடுத்தால் டி.டி.ஒய்.; பொசுபொசுவென்று டி-ஷர்ட்டுக்கு ஏற்றது. எஃப்.டி.ஒய். உற்பத்தியிலேயே முழுதாக இழுத்தது. வழவழப்பானது, சேலைக்கும் லைனிங்குக்கும் நல்லது. ஸ்பன், இழையைத் துண்டாக்கி நூற்றது. பருத்தி போலிருக்கும், ஆனால் உரசினால் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும்.

ஆகவே தம்பிகளே, எந்த ரகம், எத்தனை இழை, எந்த லாட் என்று கேட்காமல் நூல் வாங்காதீர்கள். சந்தேகம் வந்தால், கொஞ்சம் பின்னிச் சாயம் போட்டுப் பாருங்கள். நம் சோதனைக்கூடத்தில் அன்றே இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். நான்தான் கடைசி பெஞ்சில் இருந்துவிட்டேன்!