மென்வில்லையும் விழிவெண்படலமும்

(கொல்கத்தாவில் மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆற்றப்பெற்ற உரையின் சுருக்கம்)

மூக்குக் கண்ணாடிக்குப் பதிலாக மென்மையான காண்டாக்ட் லென்ஸ் அணிவோரைக் கொல்கத்தாவின் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இன்று பரவலாகக் காணலாம். அதைப் பத்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து அணியும்போது கண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதை அணிவோர் அறிந்திருத்தல் அவசியம்.

1961 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, செக்கோஸ்லோவாக்கிய வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே, தமது வீட்டில் குழந்தைகளின் விளையாட்டுக் கருவிகளையும் சைக்கிள் டைனமோவையும் இணைத்து நீரை உறிஞ்சும் மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். 1971 இல் அமெரிக்க அரசு அவற்றின் விற்பனைக்கு அனுமதி அளித்தது.

மூச்சு விடும் திசு

கண்ணின் முன்புறத்தில் அமைந்துள்ள விழிவெண்படலம் நடுப்பகுதியில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் உடையது. ஒளி தடையின்றிச் செல்ல வேண்டியிருப்பதால் அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய பிராணவாயுவை அது பெரும்பாலும் காற்றிலிருந்தே பெறுகிறது. இமை மூடியிருக்கும் உறக்கத்திலேயே அது ஏறத்தாழ 4 சதவீதம் வீங்கி, விழித்தபின் பழைய நிலையை அடைகிறது. வில்லையுடன் உறங்கினால் வீக்கம் மேலும் மிகும்.

பிராணவாயுப் பற்றாக்குறை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் ஓரங்களிலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் உள்ளே படரும். உட்புற அணுக்கள் அளவிலும் வடிவிலும் மாறுபடும். இவ்வணுக்கள் மீண்டும் பெருகுபவை அல்ல. படலத்தின் உணர்ச்சியும் மங்குவதால், கேடு வலியின்றியே வளர்கிறது. பார்வை தெளிவாக இருப்பதாலேயே கண் நலமாக உள்ளது என்று கொள்வதற்கில்லை.

நீரும் இரவும்

1990 களின் இறுதியில் வந்த சிலிக்கோன் கலந்த வில்லைகள் பிராணவாயுவை அதிகம் கடத்துகின்றன. ஆயினும் கிருமித் தொற்றின் அபாயம் அவற்றால் நீங்கவில்லை. 1989 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வின்படி, பகலில் மட்டும் அணிவோரில் 10,000 பேருக்கு ஆண்டுதோறும் சுமார் 4 பேரும், இரவிலும் அணிவோரில் சுமார் 20 பேரும் விழிவெண்படலப் புண்ணுக்கு ஆளாயினர். துர்கா பூஜை நாட்களில் விடிய விடியப் பந்தல்களைச் சுற்றிவந்து, வில்லையைக் கழற்றாமலே உறங்கிவிடும் இளைஞர்கள் இதைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

ஹூக்ளி நதிநீர் பல்தாவில் சுத்திகரிக்கப்பட்டு மாநகருக்கு வழங்கப்படுகிறது. ஆனால் பருகத் தகுந்த நீர் வேறு, கிருமியற்ற நீர் வேறு. அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் குழாய்நீரிலும் மாடித் தொட்டிகளிலும் வாழக்கூடியது; குடிநீரில் கலக்கும் அளவிலான குளோரினுக்கு அதன் கூடுகள் அழிவதில்லை. குழாய்நீரில் கழுவிய வில்லை வழியாக அது கண்ணை அடைந்தால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். சில வேளை பார்வையே பறிபோகும்.

சிக்கனம் எது?

மாதத்திற்கொரு முறை மாற்ற வேண்டிய வில்லையை நான்கு மாதம் அணிவதும், பழைய திரவத்துடன் புதியதைக் கலப்பதும் சேமிப்பு போலத் தோன்றும். தழும்பேறிய படலத்திற்கு மாற்றுச் சிகிச்சை தேவைப்படும்போது கணக்கு தலைகீழாகிறது. அந்தப் படலம் சந்தையில் விலைக்குக் கிடைப்பதன்று. இறந்தவரின் குடும்பம் மனமுவந்து அளிக்கும் கொடையால் மட்டுமே கிடைப்பது. நாட்டில் அதன் தேவை கிடைக்கும் அளவை விட மிக அதிகம். 1976 இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பெற்ற நாட்டில், தவிர்க்கக்கூடிய புண்ணால் கண்ணை இழப்பது தனிமனித இழப்பு மட்டுமன்று.

இரவில் வில்லையைக் கழற்றுதல், சோப்பிட்டுக் கைகழுவித் துடைத்தபின் தொடுதல், அதற்குரிய திரவத்தையே நாள்தோறும் புதிதாகப் பயன்படுத்துதல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவப் பரிசோதனை ஆகியவை போதிய பாதுகாப்பு அளிக்கும். கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ வில்லையை உடனே நீக்கி, அன்றே கண் மருத்துவரை நாட வேண்டும். மருந்துக் கடையில் தாமே சொட்டு மருந்து வாங்கிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பார்வையின் ஒரு பகுதியை விலையாகக் கேட்கும்.