கொள்ளைக்கார ஈ

ஈ என்றதும் நம் நினைவுக்கு வருவது பலகாரத் தட்டில் மொய்க்கும் வீட்டு ஈதான். ஆனால் பிற பூச்சிகளை வேட்டையாடியே வயிறு வளர்க்கும் ஈக்களும் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் 1884ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவை நாம் அறிவோம். அத்தகைய இடங்களில், வெயில் ஏறும் வேளையில், காய்ந்த குச்சியின் நுனியை உற்றுப் பார்த்தால், நீண்டு மெலிந்த உடலும் முள்போன்ற மயிர் அடர்ந்த கால்களும் உடைய ஒரு பூச்சி அசையாமல் அமர்ந்திருக்கக் காணலாம். அதுவே கொள்ளைக்கார ஈ. உலகில் இதன் இனங்கள் 7,000க்கும் மேல்.

இதன் பெருங்கண்கள் இரண்டும் புடைத்து நிற்க, நடுவே உச்சந்தலை பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் மூன்று சிறு கண்கள். முகத்திலே அடர்ந்த மீசை! இது அழகுக்கு அன்று. பிடிபட்ட இரை துடிக்கும்போது முகத்தைக் காக்கும் கேடயம்.

இரை பறந்து வந்ததும் ஈ பாய்ந்து, வானிலேயே கால்களால் வளைத்துப் பிடிக்கிறது. கூரிய வாயுறுப்பைக் குத்தி, நஞ்சு கலந்த உமிழ்நீரைச் செலுத்துகிறது. இரை செயலற்றுப் போகிறது. அதன் உள்ளுறுப்புகள் கரைந்து கூழாகின்றன. ஈ அதை உறிஞ்சிக் குடிக்கிறது.

பூப்பந்து ஆடுபவர், பந்து இப்போது இருக்கும் இடத்தை நோக்கியா ஓடுகிறார்? அது விழப்போகும் இடத்துக்கு அல்லவா ஓடுகிறார்! இந்த ஈயும் அப்படித்தான். அமெரிக்காவில் வாழும் இவ்வகை ஈ ஒன்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் 6 மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்த ஈ, இரையைப் பின்தொடராமல் அதன் வழியை மறிக்கிறது. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவு நெருங்கியதும் வேகத்தைத் தணித்து, இரையின் போக்குக்கு இணையாகத் திரும்பிப் பற்றிக்கொள்கிறது.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். இது தேனீயையும் பிடிக்கும்; வெட்டுக்கிளி, வண்டு, பிற ஈக்களையும் பிடிக்கும். இதன் புழுக்கள் மண்ணிலும் உளுத்த மரத்திலும் வாழ்ந்து, பெரும்பாலும் மற்றப் பூச்சிகளின் புழுக்களையும் முட்டைகளையும் தின்னும். ஆகவே, எந்தப் பூச்சியும் அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுப்பதில் இதற்கும் பங்குண்டு.

நாமோ குளவி என்று அஞ்சி இதை அடித்துவிடுகிறோம். குளவிக்கு நான்கு இறக்கைகள், இதற்கு இரண்டே. கையால் பிடித்தால் சுருக்கென்று குத்தும்; சும்மா விட்டால் நம்மை நாடி வராது. செடியில் நாலு பூச்சியைக் கண்டதும் மருந்து தெளிக்கிறோமே, அந்த மருந்துக்குத் திருடன் யார், காவலன் யார் என்று தெரியாது. அடுத்த முறை மருந்துக் குப்பியை எடுக்குமுன், குச்சியின் நுனியை ஒருமுறை பார்ப்போம். நம் வேலையைச் செய்ய அங்கே ஒருவர் முன்பே வந்து அமர்ந்திருக்கலாம்.